பாலாற்றுப் படுகையும் தேசியத் தகவமைப்புத் திட்டமும்: பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2019 ஜூலை 12 அன்று, அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு முதல் குடிநீர் ரயில் புறப்பட்டது. 50 வேகன்களில், வேகனுக்கு 50,000 லிட்டர் வீதம், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்றது. நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் அனுப்புவது அரசின் நோக்கமாக இருந்தது. அந்தத் தண்ணீர் ஜோலார்பேட்டை மண்ணில் ஊறியது அன்று. பாலாறு வறண்டுபோனதால் வேலூர் மாவட்ட ஊர்களின் குடிநீருக்காக மேட்டூரிலிருந்து குழாய் வழியே கொண்டுவரப்பட்ட காவிரி நீர். தங்கள் பங்கு குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் உள்ளூரில் எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன.

அதன்பின் இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை. 2021 நவம்பர் 19 அதிகாலையில் வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. ஆந்திரத்தின் சித்தூர் பகுதியில் கலவகுண்டா அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் பொன்னையாற்றில் பெருகி வந்து பாலாற்றில் சேர்ந்தது. கவுண்டின்யா ஆற்றில் மோர்தானா அணை நிரம்பி வழிந்தது. வாலாஜா அணைக்கட்டைக் கடந்த நீரின் அளவு நொடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அதே நாளில் பேர்ணாம்பட்டில் மழையில் ஊறிய சுவர் இடிந்து விழுந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் உயிரிழந்தனர்.

குடிக்கத் தண்ணீரின்றிப் பிற ஆற்றின் நீரை நம்பியிருந்த ஒரு படுகை, குறுகிய காலத்துக்குள் வெள்ளத்தில் மூழ்கியது. இவ்விரு நிகழ்வுகளையும் அரசுத் துறைகள் தனித்தனிக் கோப்புகளில் வைத்தன: ஒன்று குடிநீர்த் தட்டுப்பாடு, மற்றொன்று பேரிடர் நிவாரணம். இரண்டையும் ஒரே இடர்ப்பாட்டின் இரு முகங்களாகக் கருதித் திட்டமிடுவதே காலநிலை மாற்றத்துக்கான தகவமைப்பு. அத்தகைய திட்டமிடலுக்கு இந்தியா பன்னாட்டு அளவில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த ஒப்புதல், வேலூரை உள்ளடக்கிய முன்னாள் வட ஆற்காட்டு மண்ணில் எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது, எங்கே அறுபட்டு நிற்கிறது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

ஒப்புக்கொண்டது என்ன

காலநிலை உறுதிமொழி என்றதும் கரியமிலக் குறைப்பு இலக்குகளே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. 2005-ஆம் ஆண்டை ஒப்பிட உமிழ்வுச் செறிவை (உற்பத்தி அலகுக்கான உமிழ்வை) 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பது, மின் உற்பத்தித் திறனில் பாதியைப் புதைபடிவமற்ற மூலங்களிலிருந்து பெறுவது ஆகியவை 2022 ஆகஸ்டில் இந்தியா புதுப்பித்து அளித்த இலக்குகள். இவற்றை எண்ணால் அளக்கலாம். ஆனால் 2015 அக்டோபர் 2 அன்று இந்தியா அளித்த முதல் பங்களிப்பு ஆவணத்திலேயே தகவமைப்புக்கும் ஓர் இலக்கு உண்டு. வேளாண்மை, நீர்வளம், இமயமலைப் பகுதி, கடற்கரை, மக்கள் நலவாழ்வு, பேரிடர் மேலாண்மை போன்ற எளிதில் பாதிக்கப்படும் துறைகளில் வளர்ச்சித் திட்டங்களுக்கான முதலீட்டைப் பெருக்குவது என்பதே அது. இந்த இலக்கில் எண் ஏதும் இல்லை. முதலீடு பெருகினால் இலக்கு நிறைவேறியதாகிவிடும் வகையில் அதன் வாசகம் அமைந்திருக்கிறது. பின்னால் விவரிக்கும் சிக்கல்கள் பலவற்றுக்கும் இதுதான் வேர் என்று கருதுகிறேன்.

2015-இன் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவு இதைவிடத் தெளிவானது. தேசியத் தகவமைப்புத் திட்டம் உட்படத் திட்டமிடும் பணியில் ஒவ்வொரு நாடும் ஈடுபட வேண்டும் என்றும், அந்தப் பணி நாட்டின் சொந்த முன்னுரிமைகளின்படியும் மக்கள் பங்கேற்போடும் பாலினச் சமத்துவத்தைக் கருத்தில் கொண்டும் நடைபெற வேண்டும் என்றும், அறிவியலோடு மரபறிவையும் துணைகொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது. இத்தகைய திட்டங்களுக்கான நடைமுறை 2010-இல் கான்கன் காலநிலை மாநாட்டில் வகுக்கப்பட்டது. 2023-இல் துபாய் மாநாட்டில் காலக்கெடுவும் சேர்ந்தது: பல்வகை இடர்களுக்கான முன்னெச்சரிக்கை அமைப்பு 2027-க்குள், இடர் மதிப்பீடு, தகவமைப்புத் திட்டம், அதன் செயலாக்கத்தில் முன்னேற்றம், கண்காணித்துக் கற்கும் ஏற்பாடு ஆகியவை 2030-க்குள். ஒப்பந்தத்தின் செயலாக்கம் எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்கும் உலக அளவிலான அடுத்த இருப்பாய்வு 2028-இல் நடைபெறும்.

2030-க்கான வரிசையில் முதலில் நிற்பது இடர் மதிப்பீடு என்பதைக் கவனிக்க வேண்டும். எது, யாரை, எங்கே தாக்குகிறது என்பது தெரியாமல் வகுக்கப்படும் திட்டம் பழைய திட்டங்களுக்குப் புதிய அட்டை போட்டதாகவே முடியும்.

படுகையின் இயல்பு

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, அங்கே 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ., தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஓடிக் கல்பாக்கத்துக்கு அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அது மேற்பரப்பில் ஓடுவதில்லை. மணலுக்குள் ஓடும் ஆறு என்பதே அதன் சிறப்பு. ஆற்றுப்படுகையைத் தோண்டி எடுத்த ஊற்றுக்கால்வாய்களும் உறைகிணறுகளும் தலைமுறை தலைமுறையாக இந்த மணல் நீரை நம்பியே இருந்தன. மணல் அடுக்கு நீரைத் தேக்கி வைக்கும். வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கும். கோடையில் மெல்லக் கசியவிடும். அந்த அடுக்கு பல ஆண்டுகளாக அள்ளப்பட்டதால் வறட்சியில் நீர் கொடுக்கும் திறனும் வெள்ளத்தைத் தாங்கும் திறனும் ஒருசேரக் குறைந்தன. 2019-க்கும் 2021-க்கும் உள்ள தொடர்பைத் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மணலைத்தான்.

இரண்டாவது ஏரிகள். பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தில் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் 519 ஏரிகள் இருந்தன. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது அவற்றில் 369 ராணிப்பேட்டைக்கும், 101 வேலூருக்கும், 49 திருப்பத்தூருக்கும் சென்றன. ஊராட்சிகளின் பொறுப்பில் உள்ள சிற்றேரிகள் இந்தக் கணக்கில் சேராதவை. 1858-இல் கட்டப்பட்ட வாலாஜா அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி ஏரிகளை நிரப்புகின்றன. ஓர் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனால் அந்த நீர் போக்குக்கால்வாய் வழியே அடுத்த ஏரிக்கு வரத்தாகும். இத்தொடரில் ஒரு கண்ணி தூர்ந்தால், கீழே இருப்பது காயும். மேலே இருப்பது கரை உடையும். ஏரிக்குள் எவ்வளவு மண் எடுக்கப்பட்டது என்பதைவிட, வரத்துக்கால்வாய் எத்தனை இடங்களில் வீட்டுமனையாகவும் சாலையாகவும் மாறியிருக்கிறது என்பதே இங்கே இடரைத் தீர்மானிக்கிறது. 2017-இல் புத்துயிர் பெற்ற குடிமராமத்துப் பணிகள் பல ஏரிகளுக்கு உதவின என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை ஏரி ஏரியாக ஒப்பந்தம் விடப்பட்டன. தொடராக எடுத்துச் செய்தவை அரிது.

மூன்றாவது, நீரின் தரம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றங்கரை நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்ததால்தான், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் விரிவான ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. நிலத்தடி நீர்ச் செறிவூட்டலைத் தகவமைப்பின் முதன்மைக் கருவியாகக் கொள்ளும் எந்தத் திட்டமும் இந்த வரலாற்றைக் கடந்து செல்ல முடியாது. உப்பும் குரோமியமும் படிந்த மண்ணின் வழியே மழைநீரை இறக்குவது, கெட்ட நீரை நல்ல கிணற்றுக்கு நகர்த்துவதாகவும் முடியலாம். தடுப்பணை எங்கே கட்டுவது என்ற முடிவுக்கு முன் மண் ஆய்வும் கிணற்று நீர் ஆய்வும் அவசியம்.

எந்த வெப்பம் கணக்கில் வருகிறது

வேலூரின் வெயிலைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. கத்திரி வெயில் நாட்களில் 42, 43 டிகிரி செல்சியஸ் பதிவாவது அங்கே அரிதான செய்தி அன்று. இடர் மதிப்பீட்டின் குறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் உச்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியை எட்டி, அந்நாளின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் வெப்ப அலை. அல்லது 45 டிகிரியைத் தொட வேண்டும். மே மாதத்தில் 40-ஐ ஒட்டிய வெப்பமே இயல்பாக உள்ள ஊரில், 42 டிகிரி நாள் இந்த வரையறைக்குள் வராது. உடலுக்கோ, 42 டிகிரி என்பது எந்த ஊரிலும் 42 டிகிரிதான்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிதியுதவிக்கு வழிவகுத்தது. இது வரவேற்க வேண்டிய முடிவு. ஆயினும், இறப்புக்குப் பின் வரும் உதவி தகவமைப்பு ஆகாது. குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பகுதிகளில் வீட்டிலேயே பீடி சுற்றும் பெண்கள் தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, தூள் பறக்கும் என்பதால் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் பணிநேரம் என்று ஒன்று இல்லை; சுற்றிய எண்ணிக்கைக்கே கூலி. செங்கல் சூளைகளிலும் தோல் பதனிடும் கூடங்களிலும் வேலை செய்வோர் நிலையும் இதற்கு நெருங்கியதே. பகல் உச்ச வெப்பநிலை என்ற ஒற்றை எண் இவர்களைக் காட்டாது. இரவு வெப்பநிலை, ஈரப்பதம், கூரையின் வகை, வேலையின் தன்மை ஆகிய நான்கையும் வார்டு அளவில் சேர்த்துப் பார்க்கும் மதிப்பீடே இங்கு பயன்படும். பாலினத்தைக் கருத்தில் கொண்ட திட்டமிடல் என்று பாரிஸ் ஒப்பந்தம் கூறுவது, வேலூரைப் பொறுத்தவரை, பீடி சுற்றும் அந்தக் கூரையிலிருந்து தொடங்க வேண்டும்.

சுவர் இடிந்த நிகழ்வையும் இங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும். குடிசையற்ற தமிழ்நாட்டை 2030-க்குள் உருவாக்கும் நோக்கோடு நடைபெறும் கலைஞர் கனவு இல்லத் திட்டம் வீட்டு வசதித் திட்டமாகவே அறியப்படுகிறது. வெள்ளத்துக்கும் வெப்பத்துக்கும் ஈடுகொடுக்கும் கூரையும் சுவரும் அதன் கட்டாய விதிகளில் சேருமானால், அதுவே இந்தப் பகுதியின் மிகப் பெரிய தகவமைப்புப் பணியாக அமையக்கூடும்.

திட்டங்கள் இருக்கின்றன

காகிதத்தில் குறை சொல்ல அதிகமில்லை. தேசியக் காலநிலைச் செயல்திட்டம் 2008-இல் எட்டு இயக்கங்களோடு வந்தது. தமிழ்நாடு தனக்கென மாநிலச் செயல்திட்டம் வகுத்தது. 2022 முதல் பசுமைக் காலநிலை நிறுவனம், முதலமைச்சர் தலைமையில் ஆட்சிக்குழு, ஆட்சியரை இயக்குநராகவும் மாவட்ட வன அலுவலரைக் காலநிலை அலுவலராகவும் கொண்ட மாவட்ட இயக்கங்கள் ஆகியவற்றை அமைத்தது. மாவட்டந்தோறும் பொறுப்பாளர் உண்டு என்று சொல்லக்கூடிய மாநிலங்கள் இந்தியாவில் மிகச் சில.

களத்திலும் பணிகள் நடந்திருக்கின்றன. நாகநதி நீர்ப்பிடிப்பில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கீழ் பெண்கள் கட்டிய செறிவூட்டும் கிணறுகளும் கல் தடுப்புகளும் நாடறிந்தவை. மானாவாரி நிலக்கடலைக்கும் நெல்லுக்கும் விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் துணைநிற்கிறது. ஜவ்வாது மலையில் சாமை விதைப்பு இன்னும் அற்றுப்போகவில்லை. இவை எல்லாம் பாரிஸ் ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவு கேட்கும் செயல்களே. ஆனால் ஒன்று ஊரக வளர்ச்சித் துறையின் வேலைநாள் கணக்கிலும், மற்றொன்று வேளாண் துறையின் பரப்புக் கணக்கிலும் அடங்கிவிடுகின்றன. இவற்றால் ஓர் ஊரின் இடர் எவ்வளவு குறைந்தது என்று சொல்லும் கணக்கு எதிலும் இல்லை.

பணத்தின் கணக்கு

2023 டிசம்பரில் இந்தியா ஐ.நா. காலநிலை அமைப்புக்கு அளித்த முதல் தகவமைப்புத் தகவலறிக்கை, தகவமைப்பு சார்ந்த செலவு 2015-16-இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 3.7 சதவீதமாக இருந்து 2021-22-இல் 5.6 சதவீதமாக உயர்ந்ததாகக் கூறுகிறது. 2030 வரை ஏறத்தாழ 56.68 லட்சம் கோடி ரூபாய் தேவைப்படும் என்றும் அது மதிப்பிட்டது. ஏழை மக்களைக் கோடிக்கணக்கில் கொண்ட ஒரு நாடு, வரலாற்றில் அதிகம் உமிழாத ஒரு நாடு, தன் சொந்தப் பணத்தில் இவ்வளவு செய்கிறது என்பதை வளர்ந்த நாடுகளின் முன் வைப்பது நியாயமே.

அதே கணக்கை உள்நாட்டில் வேறு கண்ணோடு படிக்க வேண்டும். செலவு என்பது உள்ளீடு. கட்டிய தடுப்பணை அடுத்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டாலும் அதன் செலவு 5.6 சதவீதத்துக்குள் இருக்கும். மீண்டும் கட்டினால் இன்னொரு முறை சேரும். காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்ததும் தகவமைப்புச் செலவுதான். அந்த நீரில் ஒரு பகுதியை ரயிலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பியதும் தகவமைப்புச் செலவுதான். ஒரு பகுதியின் இடரை மற்றொரு பகுதிக்கு மாற்றிய செயல், மொத்தக் கணக்கில் இருமுறை சாதனையாகப் பதிவாகக்கூடும். இதைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் செலவுக் கணக்கில் இல்லை.

வெளி நிதியிலும் இந்தக் குறை எதிரொலிக்கிறது. 2015-இல் தொடங்கிய தேசியத் தகவமைப்பு நிதியிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது மன்னார் வளைகுடாப் பகுதிக்கான திட்டம். பன்னாட்டுத் தகவமைப்பு நிதியம் தமிழ்நாட்டிலும் ராஜஸ்தானிலும் நீர்வடிப்பகுதிகளுக்காக நபார்டு வழியே உதவியது. பசுமைக் காலநிலை நிதியம் 2017-இல் ஒடிசாவின் குளங்கள் வழியான நிலத்தடி நீர்ச் செறிவூட்டலுக்கும் சூரியசக்தி நுண்பாசனத்துக்கும் ஒப்புதல் அளித்தது. ஒடிசாவின் குளங்களுக்கு ஒத்த ஏரித்தொடர் நம்மிடமும் உண்டு. அத்தகைய நிதியைக் கேட்கும் முன்மொழிவில் வழக்கமான வளர்ச்சித் தேவைக்கு அப்பால் காலநிலை மாற்றத்தின் பங்கு எது என்பதைத் தரவுகளோடு நிறுவ வேண்டும். ஆகவே இடர் மதிப்பீடு இல்லாத மாவட்டம் நிதி கேட்கும் வரிசையிலும் பின்தங்கிவிடுகிறது.

எதை அளப்பது

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் காலநிலை மாநாட்டில் உலகத் தகவமைப்பு இலக்குக்கான 59 குறியீடுகள் ஏற்கப்பட்டன. நாடுகள் இவற்றைத் தாமே விரும்பிப் பயன்படுத்தலாம், கட்டாயமில்லை. அவற்றை நிரப்பப் புதிய ஆய்வுக் குழுக்களை அமர்த்த வேண்டும் என்று எண்ணுவது தவறு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தேவையான பதிவேடுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே எழுதப்பட்டு வருகின்றன. ஏரிகளின் நீர்மட்டம் நீர்வளத் துறையிடமும், கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டம் நிலத்தடி நீர்ப் பிரிவிடமும், ஒவ்வொரு போகத்தின் சாகுபடி கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலிலும், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெப்ப மயக்கம் ஆகியவை ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேட்டிலும் உள்ளன. நிலத்தடி நீர் மதிப்பீட்டைத் தமிழ்நாடு குறுவட்ட (பிர்கா) அளவிலேயே செய்து வருகிறது. இந்தப் பகுதியின் பல குறுவட்டங்கள் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்படுபவை என்பது அதிலிருந்தே தெரிய வந்தது.

இவற்றோடு நான் சேர்க்க விரும்பும் அளவீடு ஒன்று உண்டு: கோடையில் உள்ளாட்சிகள் அனுப்பும் தண்ணீர் லாரிகளின் நடைகள். இவற்றுக்கான பட்டியல் பணம் கொடுப்பதற்காகவாவது எழுதப்படுகிறது. ஒரே அளவு மழை பெய்த இரு ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, ஓர் ஏரித்தொடரின் வரத்துக்கால்வாய்களைச் சீரமைக்கும் முன்பும் பின்பும் அதன் ஆயக்கட்டு ஊர்களுக்கு எத்தனை நடை தண்ணீர் போனது என்று ஒப்பிட்டால், செய்த பணியின் பயன் தெரிந்துவிடும். மழையளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது பொருளற்றது. 2016-இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டதையும் 2021-இன் பெருமழையையும் அருகருகே வைத்தால் எந்தப் பணியும் வெற்றியாகவே தோன்றும்.

மரபறிவுக்கு இங்கே அலங்கார இடம் போதாது. எந்த மதகை எப்போது திறப்பது, எந்தக் கரையில் கசிவு காணும், எந்த ஏரி முதலில் கோடி போகும் என்பதை அறிந்தவர் ஊரின் நீர்க்கட்டி. அவருக்கு மாத ஊதியமும், கைபேசியில் நீர்மட்டத்தைப் பதியும் பொறுப்பும் கொடுத்தால், துறைப் பதிவேட்டில் வாரக்கணக்கில் தாமதமாக ஏறும் செய்தி அன்றே ஏறும். முன்னெச்சரிக்கை அமைப்பின் கீழ்ப்படி இதுவே.

மாவட்ட எல்லையும் மாநில எல்லையும்

மாவட்ட இயக்கங்கள் நல்ல ஏற்பாடு என்றாலும் ஆறு மாவட்டத்தின்படி ஓடுவதில்லை. ஏரிகளில் பெரும்பங்கு ராணிப்பேட்டையில். அவற்றுக்கு வரும் நீரும் அழுக்கும் மேலே உள்ள இரு மாவட்டங்களிலிருந்து. மூன்று ஆட்சியர்கள் தனித்தனியே மூன்று திட்டங்களை எழுதும்போது, மேல்பகுதியின் மணலும் கழிவும் கீழ்ப்பகுதியின் இடராக எங்கும் பதிவாகாது. மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவான படுகைத் திட்டம் ஒன்றை மாநில அரசே ஆணையிட்டு உருவாக்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

மாநில எல்லையில்தான் தேசியத் திட்டம் இன்றியமையாததாகிறது. 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானப் பகுதி ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியில் ஏராளமான உயிர்களைப் பலிகொண்டது. அதற்கான நினைவுத்தூண் அங்கே உள்ளது. 2016-இல் ஆந்திரம் பாலாற்றின் குறுக்கே உள்ள புல்லூர் தடுப்பணையின் உயரத்தைக் கூட்டியபோது தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1892-ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் ஒப்பந்தமே இன்றும் வாதங்களுக்கு அடிப்படை. வறட்சியில் எவ்வளவு நீர் யாருக்கு என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளட்டும். வெள்ளத்தில் எவ்வளவு நீர் எப்போது வருகிறது என்ற செய்தி அப்படிக் காத்திருக்க முடியாது. பாரிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது இந்திய ஒன்றியம். 2027-க்குள் முன்னெச்சரிக்கை அமைப்பை ஏற்படுத்தும் பொறுப்பும் அதனுடையதே.

எனவே தேசியத் தகவமைப்புத் திட்டத்தில் பாலாறு போன்ற நடுத்தரப் பன்மாநில ஆறுகளுக்கென்று தனிப் பகுதி இருக்க வேண்டும். கலவகுண்டா முதல் மோர்தானா வரையுள்ள அணைகளின் நீர்த்திறப்பும், பேத்தமங்கலம் முதல் வாலாஜா வரையுள்ள ஆற்று நீர்மட்டமும் மூன்று மாநிலக் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் ஒரே நேரத்தில் தெரியும் ஏற்பாட்டை மத்திய நீர் ஆணையம் நடத்த வேண்டும். பொன்னையில் திறக்கப்படும் நீர் மேல்விஷாரத்தையும் வாலாஜாவையும் எட்ட எத்தனை மணி நேரம் ஆகும் என்பது கணக்கிடப்பட்டு, கரையோர ஊராட்சி அலுவலகங்களில் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். 2028-இன் இருப்பாய்வுக்கு இந்தியா அளிக்கும் அறிக்கையில் செலவுத் தொகைக்கு அருகே இந்த மணிக்கணக்கும் இடம்பெற வேண்டும்.